சானியா ஏன் தனியாக ஆடுவதை விட்டார்?

(கற்போர் மையம் ஒன்றில் தொண்டர் ஒருவர் பேசிய பேச்சு)

 

போன வாரம் நம் மையத்தில் ஒரு பழைய செய்தித்தாளை வைத்துப் படித்தோம். ஆளுக்கு ஒரு வரி. அதில் ஒரு பெண்ணின் படம் இருந்தது. கையில் டென்னிஸ் மட்டை. நம் இஸ்திரி அக்கா எழுத்துக் கூட்டிப் படித்தார். "சா-னி-யா மிர்-சா." அடுத்த வரியையும் அவரே படித்தார். "ஒற்-றை-யர் ஆட்-டத்-தை வி-ட்-டார்." படித்து முடித்ததும் என்னைப் பார்த்தார்.

"ஏன் டீச்சர் விட்டுச்சு? பயமா?"

நான் பதில் சொல்வதற்குள் பின்னால் இருந்து தையல் அக்கா சொன்னார்: "தனியா ஆட முடியலை. அதான் துணைக்கு ஓர் ஆளைச் சேர்த்துக்கிச்சு."

எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது. வீட்டுக்குப் போன பிறகு அந்தக் கேள்வி என்னை விடவில்லை. தேடிப் படித்தேன். படித்ததை இன்று சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன் அல்லவா? அதற்காகத்தான் இந்தப் பேச்சு.

அன்று இன்னொன்றையும் கவனித்தேன். படிக்கும்போது இஸ்திரி அக்காவின் கையிலிருந்து பென்சில் இரண்டு முறை விழுந்தது. அதைப் பற்றிக் கடைசியில் பேசுவோம்.

முதலில் டென்னிஸ் என்றால் என்ன என்று பார்ப்போம். நான் அந்த ஆட்டம் ஆடியது இல்லை. தொலைக்காட்சியில் பார்த்ததுதான்.

டென்னிஸ் களத்தின் நீளம் 78 அடி. நாம் உட்கார்ந்திருக்கும் இந்த அறை 12 அடி நீளம். இதைப் போல ஆறரை அறைகளை வரிசையாக வைத்தால் ஒரு களத்தின் நீளம் வரும். நடுவில் வலை கட்டியிருக்கும். வலையின் நடுப்பகுதி 3 அடி உயரம். அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். பந்து இரண்டாம் முறை தரையில் படுவதற்குள் திருப்பி அடித்துவிட வேண்டும். ஒருவருக்கு ஒருவர் ஆடினால் ஒற்றையர் ஆட்டம். இருவருக்கு இருவர் ஆடினால் இரட்டையர் ஆட்டம். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து இன்னொரு ஜோடியோடு ஆடினால் கலப்பு இரட்டையர்.

ஒற்றையருக்குக் களத்தின் அகலம் 27 அடி. அதை ஒருவரே ஓடிக் காக்க வேண்டும். இரட்டையருக்கு அகலம் 36 அடி. ஆனால் இரண்டு பேர் காக்கிறார்கள். ஆளுக்கு 18 அடி வருகிறது. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 27 அடி எங்கே, 18 அடி எங்கே!

அந்த 9 அடி வித்தியாசம் ஒரு நாளில் தெரியாது. வருடக்கணக்கில் ஆடும்போது முழங்காலுக்குத் தெரியும். ஓடுவது மட்டும் என்றால் பரவாயில்லை. ஓடி, சட்டென்று நின்று, உடம்பைத் திருப்பி, மறுபக்கம் ஓட வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் உடம்பின் பாரம் எல்லாம் முழங்காலில் இறங்கும். ஒவ்வொரு அடியிலும் பந்தின் அதிர்ச்சி மணிக்கட்டில் இறங்கும்.

மட்டையின் எடை ஏறக்குறைய 300 கிராம்தான். அக்காவின் கரி இஸ்திரிப் பெட்டி ஐந்து கிலோவுக்குக் குறையாது. "300 கிராமைத் தூக்கவா கை வலிக்கிறது?" என்று கேட்கலாம். எடை மட்டும் காரணம் இல்லை. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதுதான் காரணம். சானியா ஆறு வயதில் மட்டையைப் பிடித்தார். 36 வயது வரை அந்தக் கையை ஓய விடவில்லை.

இன்னொரு விஷயம். இது மாதச் சம்பள வேலை இல்லை. ஆடினால்தான் காசு. போட்டியில் எத்தனை சுற்று ஜெயிக்கிறோமோ அதற்கு ஏற்ற பரிசுப் பணம். முதல் சுற்றிலேயே தோற்றால் மிகவும் குறைவு. விமானச் செலவு, தங்கும் செலவு, பயிற்சியாளருக்குக் கொடுப்பது எல்லாம் பெரும்பாலும் ஆடுபவரின் பைதான். பெரிய பெயர் வந்தால் விளம்பரக் கம்பெனிகள் பணம் தரும். அதுவரை கஷ்டம்தான்.

தரவரிசை என்று ஒன்று உண்டு. உலகத்தில் யார் முதலாவது, யார் நூறாவது என்கிற பட்டியல். ஜெயிக்க ஜெயிக்கப் புள்ளிகள் சேரும். ஆனால் அந்தப் புள்ளிகளுக்கு ஆயுள் 52 வாரம்தான். போன வருடம் இதே வாரம் சம்பாதித்த புள்ளி இந்த வருடம் கழிந்துவிடும். அதே இடத்தில் நிற்க வேண்டும் என்றாலும் மறுபடி ஆடி ஜெயிக்க வேண்டும். கை ஒடிந்து ஆறு மாதம் வீட்டில் படுத்தால் என்ன ஆகும்? எண் சரசரவென்று கீழே போகும். எண் போனால் பெரிய போட்டிகளில் நேராக நுழைய முடியாது. நீண்ட நாள் காயத்தில் இருந்தவர்கள் பழைய எண்ணைக் காட்டிச் சில போட்டிகளில் நுழையச் சலுகை உண்டு. அதுவும் கொஞ்ச நாளைக்குத்தான்.

தினக்கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு இதை நான் அதிகம் விளக்க வேண்டியது இல்லை. வேலைக்குப் போகாத நாளில் கூலி இல்லை. டென்னிஸிலும் அதேதான்.

இனி சானியாவின் கதைக்கு வருவோம்.

சானியா 1986 நவம்பர் 15-ஆம் தேதி மும்பையில் பிறந்தார். வளர்ந்தது ஹைதராபாத்தில். அப்பா பெயர் இம்ரான் மிர்சா. அம்மா பெயர் நசீமா. ஆறு வயதில் அம்மா மகளை டென்னிஸ் பயிற்சிக்குக் கூட்டிப் போனார். "பிள்ளை ரொம்பச் சின்னதாக இருக்கிறாள்" என்று பயிற்சியாளர் தயங்கினார். அம்மா விடவில்லை. கொஞ்ச நாளில் அதே பயிற்சியாளர் பெற்றோரைக் கூப்பிட்டு, "இந்த வயதில் இப்படி ஆடுகிற பிள்ளையை நான் பார்த்ததில்லை" என்கிற மாதிரி சொன்னாராம்.

அந்தக் காலத்தில் ஹைதராபாத்தில் நல்ல களங்கள் குறைவு. சாணம் மெழுகிய தரையில் ஆடிப் பழகியதாகச் சானியாவே சொல்லியிருக்கிறார். நம் வீட்டு வாசலில் மெழுகுகிற அதே சாணம்தான்.

அக்கம்பக்கத்தார் சும்மா இருப்பார்களா? "வெயிலில் ஆடினால் பெண் கறுத்துப் போவாள். யார் கட்டிக்கொள்வார்கள்?" என்று பெற்றோரிடம் சொன்னார்கள். அவளுக்கு அப்போது எட்டு வயது கூட ஆகியிருக்காது. எட்டு வயதுப் பிள்ளையின் கல்யாணத்தைப் பற்றி ஊருக்குக் கவலை! நம் தெருவிலும் இந்தக் குரலை நான் கேட்டிருக்கிறேன். நீங்களும் கேட்டிருப்பீர்கள். சிலர் சொல்லியும் இருப்பீர்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பெற்றோர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மகள் ஆடினாள். 2003-ல் இங்கிலாந்தில் விம்பிள்டன் என்னும் புகழ்பெற்ற போட்டியில், சிறுமியர் இரட்டையரில் ருஷ்யப் பெண் ஒருவரோடு சேர்ந்து ஜெயித்தாள்.

2005-ஆம் ஆண்டு எல்லாவற்றையும் மாற்றியது. சானியாவுக்கு அப்போது 18 வயது. ஆஸ்திரேலிய ஓபன் போட்டியில் மூன்றாம் சுற்று வரை போனார். அங்கே அமெரிக்காவின் செரீனா வில்லியம்ஸிடம் தோற்றார். அடுத்த மாதம் ஹைதராபாத்தில் நடந்த போட்டியில் பட்டம் ஜெயித்தார். உலகப் பெண்கள் டென்னிஸ் சங்கத்தின் ஒற்றையர் பட்டத்தை ஜெயித்த முதல் இந்தியப் பெண் அவர்தான். அந்த வருடம் அமெரிக்க ஓபனில் நான்காம் சுற்றுக்குப் போனார். அதற்கு முன் எந்த இந்தியப் பெண்ணும் இவ்வளவு தூரம் போனதில்லை.

இப்போது நாடு முழுவதும் சானியாவைப் பார்த்தது. பார்த்தது ஆட்டத்தை மட்டும் அல்ல. பாவாடையை அளந்தார்கள். டென்னிஸில் பெண்கள் குட்டைப் பாவாடை போட்டு ஆடுவது உலக வழக்கம். அது மதத்துக்கு ஒவ்வாது என்று ஒரு மதகுரு சொன்னதாகப் பத்திரிகைகளில் வந்தது. கொல்கத்தாவில் ஆட வந்தபோது போலீஸ் காவல் போட வேண்டியிருந்தது. 18 வயதுப் பெண் பந்து அடிக்கப் போலீஸ் காவல்! நான் ஜெயிக்கிறேனா என்று பாருங்கள், என் பாவாடை ஆறு அங்குலமா ஆறு அடியா என்று எதற்குப் பார்க்கிறீர்கள் என்னும் பொருளில் அவர் பதில் சொன்னார்.

உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். இவருக்கு ஊர் வாய் மட்டும் இல்லை. நாட்டின் வாய்.

2008 தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் ஆட்டம் பார்த்தபடி கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். யாரோ படம் எடுத்தார்கள். படத்தில் அவர் காலுக்கு அருகே தேசியக் கொடி தெரிந்தது. கொடியை அவமதித்தார் என்று வழக்குப் போட்டார்கள். தனக்கு அப்படி எண்ணமே இல்லை என்று அவர் சொன்னார். இந்தியாவில் ஆட வந்தாலே ஏதாவது பிரச்சினை கிளம்புகிறது என்று மனம் நொந்து, அந்த ஆண்டு பெங்களூர் போட்டிக்கே வராமல் இருந்துவிட்டார். சொந்த நாட்டில் ஆட மனம் வராத நிலை.

இனி உடம்பின் கதை. இதுதான் அக்கா கேட்ட கேள்விக்குப் பதில்.

சானியா தொடக்கத்திலிருந்து ஒற்றையரும் ஆடினார், இரட்டையரும் ஆடினார். 2007 ஜூலை மாதம் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு என்னும் ஊரில் ஒரு போட்டி. அதில் ஒற்றையரில் கடைசி ஆட்டம் வரை வந்து தோற்றார். அதே போட்டியில் இரட்டையரில் பட்டம் ஜெயித்தார். யோசித்துப் பாருங்கள். ஒரே வாரத்தில் இரண்டு ஆட்டத்திலும் கடைசி வரை! ஒற்றையரில் எத்தனை சுற்று ஆடியிருப்பார்? அதற்கு மேல் இரட்டையரில் எத்தனை சுற்று? அந்த வருடம் மட்டும் நான்கு இரட்டையர் பட்டங்கள். ஆகஸ்ட் மாதம் ஒற்றையர் தரவரிசையில் உலகத்தில் 27-ஆவது இடம். எந்த இந்தியப் பெண்ணும் தொடாத இடம்.

பகலில் வயல் வேலை, மாலையில் பால் கறவை, இரவில் சமையல் என்று செய்கிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். "இரண்டு வேலையும் செய்தால் என்ன?" என்று சிறு வயதில் தோன்றும். உடம்பும் கேட்கும். கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு நாள் கேட்காது.

சானியாவின் பலம் அவருடைய வலது கை அடி. மணிக்கட்டைச் சுழற்றி அடிக்கும் அடி. பந்து அம்பு மாதிரிப் போகும். எந்த மணிக்கட்டு அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததோ அதே மணிக்கட்டு 2008-ல் காலை வாரியது. அறுவை சிகிச்சை செய்தார்கள். அந்த ஆகஸ்டில் சீனாவின் பெய்ஜிங் நகரில் ஒலிம்பிக் போட்டி. நாட்டுக்காக ஆட வேண்டும் என்று போனார். முதல் சுற்று. வலி தாங்க முடியவில்லை. ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு வெளியே வந்தார்.

அதற்குப் பின் வந்த மாதங்களைப் பற்றி அவரே பல வருடம் கழித்துச் சொன்னார். தலை வாரக்கூடக் கை வரவில்லையாம். காரணம் இல்லாமல் அழுகை வருமாம். அறையை விட்டு வெளியே வராமல் இருந்தாராம். இனி ஆடவே முடியாதோ என்று மூன்று நான்கு மாதம் மனச்சோர்வில் கிடந்தாராம். அப்போது அவருக்கு வயது 21.

தலை வாரக் கை வராத பெண்ணைப் பற்றி வெளியே என்ன பேசிக்கொண்டிருந்தார்கள் தெரியுமா? "விளம்பரத்தில் நடிக்கத்தான் லாயக்கு. ஆட்டம் போய்விட்டது." படங்களைப் போட்டவர்கள், மணிக்கட்டுக்குள் நடப்பதைப் போடவில்லை. முழங்கால் வீங்கினால் கட்டுப் போடுவார்கள், நாலு பேர் பார்ப்பார்கள். மணிக்கட்டு உள்ளே தேய்ந்தால் யாருக்குத் தெரியும்?

மறுபடி எழுந்து வந்தார். 2009-ல் மகேஷ் பூபதியுடன் ஆஸ்திரேலிய ஓபன் கலப்பு இரட்டையர் பட்டம். 2010-ல் தில்லியில் காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் வெள்ளி. 2012-ல் பூபதியுடன் பிரெஞ்சு ஓபன். அதே 2012-ல் லண்டன் ஒலிம்பிக்கில் யார் யாரோடு ஜோடி சேர்வது என்று ஆண் ஆட்டக்காரர்களுக்குள் பெரிய சண்டை. அந்தச் சண்டையைத் தீர்க்கத் தன்னைத் தூண்டில் புழுவாக வைத்தார்கள் என்று சானியா வெளிப்படையாகவே அறிக்கை விட்டார். அந்தக் கதை நீளம். விட்டுவிடுவோம்.

அதற்குள் உடம்பில் மூன்று அறுவை சிகிச்சைகள் ஆகியிருந்தன. இரண்டு முழங்கால், ஒரு மணிக்கட்டு. இரண்டு ஆட்டமும் ஆடினால் இன்னும் ஒன்றிரண்டு வருடம். ஒன்றை விட்டால் மற்றதைப் பல வருடம் ஆடலாம். எதை விடுவது?

பேரும் புகழும் பரிசுப் பணமும் ஒற்றையரில்தான் அதிகம். ஒரே போட்டியில் ஒற்றையரில் ஜெயித்தவருக்குக் கிடைக்கும் பணத்தில் சிறு பங்குதான் இரட்டையர் ஜோடிக்கு. அதையும் இருவர் பிரித்துக்கொள்ள வேண்டும். செய்தித்தாளிலும் ஒற்றையருக்குத்தான் பெரிய எழுத்து. ஆகவே ஒற்றையரை விடுவது லாபம் அல்ல. ஆனாலும் 2013-ல் இனி ஒற்றையர் இல்லை என்று சானியா அறிவித்தார். உடம்பு தாங்காது என்பதை ஒளிக்காமல் சொன்னார்.

"எளிதான ஆட்டத்துக்கு ஓடிவிட்டார்" என்றார்கள் சிலர். தையல் அக்கா சொன்னது மாதிரிதான்.

எளிதா? ஓட்டம் குறைவு என்பது உண்மை. ஆனால் இரட்டையரில் வலைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். பந்து கண்ணிமைக்கும் நேரத்தில் வரும். கூட இருப்பவர் எங்கே நகர்கிறார் என்று பார்க்காமலே தெரிய வேண்டும். அவர் தவறு செய்தால் முகத்தைச் சுளிக்கக் கூடாது. தான் தவறு செய்தால் சுருண்டுவிடக் கூடாது. மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்பில் சமைப்பதைப் போல. அது எளிது என்று யாராவது சொல்வீர்களா?

2014-ல் இன்னொரு அடி. தெலங்கானா புதிய மாநிலமானது. சானியாவை அந்த மாநிலத்தின் தூதராக அரசு நியமித்தது. சானியா 2010-ல் பாகிஸ்தான் கிரிக்கெட் வீரர் ஒருவரை மணந்திருந்தார். (அந்தத் திருமணம் பின்னாளில் முறிந்துவிட்டது.) "பாகிஸ்தானின் மருமகளுக்கு இந்தப் பதவியா?" என்று ஓர் அரசியல்வாதி கேட்டார். தொலைக்காட்சியில் அதைப் பற்றிப் பேசும்போது சானியா அழுதுவிட்டார். சாகும்வரை நான் இந்தியப் பெண்தான், இதை எத்தனை முறை நிரூபிக்க வேண்டும் என்று கேட்டார். அந்த வருடமே தென்கொரியாவில் ஆசியப் போட்டியில் சாகேத் மைனேனியுடன் சேர்ந்து இந்தியாவுக்குத் தங்கம் வாங்கி வந்தார்.

2015 மார்ச்சில் ஒரு புதிய துணை கிடைத்தார். சுவிட்சர்லாந்தின் மார்ட்டினா ஹிங்கிஸ். இவர் கதையும் தெரிந்துகொள்ள வேண்டியது. 16 வயதில் ஒற்றையரில் உலகத்தின் முதல் இடத்தைப் பிடித்தவர். கால் காயங்களால் 22 வயதில் ஆட்டத்தை விட்டவர். திரும்பி வந்தார். மறுபடி போனார். 2013-ல் இரட்டையர் ஆட மீண்டும் வந்தார். ஒருவருக்குக் கால், ஒருவருக்குக் கை. அடிபட்ட இருவர் ஜோடி சேர்ந்தார்கள்.

சேர்ந்து ஆடிய முதல் மூன்று போட்டிகளிலும் பட்டம். 2015 ஏப்ரல் 13-ஆம் தேதி இரட்டையர் தரவரிசையில் சானியா உலகத்தின் முதல் இடத்துக்கு வந்தார். அந்த இடத்துக்கு வந்த முதல் இந்தியப் பெண்.

ஜூலை மாதம் விம்பிள்டன் இறுதி ஆட்டம். எதிரே ருஷ்யாவின் மகரோவா, வெஸ்னினா. முதல் செட் 5-7 என்று போய்விட்டது. இரண்டாவது செட்டை 7-6 என்று இழுத்துப் பிடித்தார்கள். மூன்றாவது செட்டில் 2-5 என்று பின்தங்கினார்கள். எதிரிக்கு இன்னும் ஒரே ஒரு கேம் போதும். முடிந்தது என்றுதான் பார்த்தவர்கள் நினைத்தார்கள். சானியாவும் ஹிங்கிஸும் ஒவ்வொன்றாக எடுத்தார்கள். 3-5. 4-5. 5-5. பொழுது இருட்டிவிட்டது. ஆட்டத்தை நிறுத்தி மேலே கூரையை மூடி விளக்குப் போட்டார்கள். மறுபடி ஆட்டம். 6-5. 7-5. ஜெயித்துவிட்டார்கள்! இதைப் படிக்கும்போது நான் தனியாக உட்கார்ந்து கை தட்டினேன். வீட்டில் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

பிறகு அமெரிக்க ஓபன். பிறகு 2016-ல் ஆஸ்திரேலிய ஓபன். தொடர்ந்து 41 ஆட்டங்களில் இந்த ஜோடி தோற்கவில்லை. ஒற்றையரை விடாமல் இருந்திருந்தால் இந்த ஆட்டங்கள் நடந்திருக்குமா? நடந்திருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

விருதுகளைச் சொல்லி நேரம் போக்க விரும்பவில்லை. இன்னொரு சம்பவத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2016-ல் சானியா தன் வாழ்க்கைக் கதையைப் புத்தகமாக வெளியிட்டார். தொலைக்காட்சியில் ஒரு மூத்த பத்திரிகையாளர் பேட்டி எடுத்தார். எப்போது குடும்பம், குழந்தை என்று நிலைகொள்ளப் போகிறீர்கள் என்று கேட்டார். உலகத்தில் முதல் இடத்தில் இருக்கிறேன், அது நிலைகொண்டது ஆகாதா, தாயாவதை விட்டு முதலிடத்தைத் தேர்ந்தெடுத்தேன் என்று உங்களுக்கு ஏமாற்றமா என்று சானியா திருப்பிக் கேட்டார். அந்தப் பத்திரிகையாளர் அங்கேயே மன்னிப்புக் கேட்டார். ஓர் ஆண் ஆட்டக்காரரிடம் இதைக் கேட்டிருக்க மாட்டேன் என்று ஒத்துக்கொண்டார். அதைப் பாராட்ட வேண்டும். தவறு என்று தெரிந்ததும் சபையில் ஒத்துக்கொள்ள எத்தனை பேருக்கு மனம் வரும்?

குழந்தையும் பிறந்தது. 2018 அக்டோபரில் மகன். சானியாவின் எடை 89 கிலோ ஆனது. உழைத்து 63 கிலோவுக்கு வந்தார். இரண்டு படங்களையும் அவரே வெளியிட்டார். 2020 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் மறுபடி களம் இறங்கினார். வந்த முதல் போட்டியிலேயே இரட்டையர் பட்டம்!

2022 முடிவில் ஓய்வு பெறுவதாக அறிவித்திருந்தார். ஆகஸ்டில் முழங்கையில் காயம். அத்தோடு போய்விட்டிருக்கலாம். போகவில்லை. காயம் என்னைத் துரத்த வேண்டாம், நானே போகிறேன் என்கிற பிடிவாதம். கையைச் சரிசெய்துகொண்டு 2023 ஜனவரியில் மறுபடி ஆஸ்திரேலியா வந்தார். கலப்பு இரட்டையரில் ரோகன் போபண்ணாவுடன் இறுதி ஆட்டம் வரை போனார். 14 வயதில் சானியா முதன்முதலாகக் கலப்பு இரட்டையர் ஆடியது இதே போபண்ணாவுடன்தான். அந்த இறுதி ஆட்டத்தில் தோற்றார்கள். நான்கு வயது மகன் பார்த்துக்கொண்டிருந்தான். 2005-ல் செரீனாவோடு ஆடிய அதே ஊரில் நின்று கண் கலங்கப் பேசினார். பிப்ரவரியில் துபாயில் கடைசி ஆட்டம். மார்ச் மாதம் ஹைதராபாத்தில் ஊர் மக்கள் முன்னால் ஒரு விடைபெறும் ஆட்டம். அவ்வளவுதான்.

இப்போது பென்சிலுக்கு வருவோம்.

மூன்று நாளைக்கு முன் இஸ்திரி அக்கா வண்டிக்குப் போனேன். கையைக் காட்டச் சொன்னேன். முதலில் காட்டவில்லை. பிறகு காட்டினார். கட்டை விரலுக்குக் கீழே வீக்கம். தொட்டால் வலி. எத்தனை மாதமாக என்று கேட்டேன். "தீபாவளிக்கு முன்னாடியிலிருந்து" என்றார். சானியாவின் மணிக்கட்டுக் கதையைச் சொன்னேன்.

அக்கா கேட்டார்: "அதுக்குக் காசு இருக்கு. ஆபரேஷன் பண்ணிக்கிச்சு. ஆறு மாசம் உட்கார்ந்துச்சு. நான் ஒரு நாள் உட்கார்ந்தா வாடிக்கை வேற வண்டிக்குப் போயிடும். நான் என்ன சானியாவா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அக்கா சொன்னது சரி. சானியா வசதியான வீட்டுப் பெண். நல்ல மருத்துவர்கள் கிடைத்தார்கள். "சானியாவைப் போல இருங்கள்" என்று நான் சொன்னால் அது வெறும் பேச்சு.

நேற்றுத் தையல் அக்கா என்னிடம் வந்தார். சானியாவைப் பற்றிப் பேச வரவில்லை. "காலையில வர்ற மூட்டையை ரெண்டு வாரம் நான் தேய்ச்சுத் தர்றேன்னு சொல்லிட்டேன். சாயந்திரம் மூட்டையை அவ பார்த்துக்கட்டும். காசு அவளுக்குத்தான். வாடிக்கை போகாது" என்றார். இஸ்திரி அக்கா ஒத்துக்கொண்டாரா என்று கேட்டேன். "முனகினா. ஒத்துக்கிட்டா" என்றார்.

வெள்ளிக்கிழமை அரசு ஆஸ்பத்திரியில் எலும்பு மருத்துவர் பார்க்கிறார். காலை எட்டு மணிக்குள் சீட்டு எடுக்க வேண்டும். நான் அக்காவோடு போகிறேன். வேறு யாருக்காவது கை, முழங்கால், தோள் வலி இருந்தால் இன்றே சொல்லுங்கள். சேர்ந்து போகலாம். பேருந்து ஏழு மணிக்கு.

இப்போது எல்லோரும் பலகையைப் பாருங்கள். ஒரு சொல் எழுதியிருக்கிறேன். ம-ணி-க்-க-ட்-டு. நோட்டை எடுத்து மூன்று முறை எழுதுங்கள். அக்கா, நீங்கள் எழுத வேண்டாம். வாயால் சொன்னால் போதும்.